லீடரம்மா பிரிச்ச மருந்து

திருப்பதி மலை மேலருந்து லட்டு கொண்டாந்தா நீங்க எப்படிப் பங்கு போடுவீங்க? கையால உடைப்பீங்க. ஒருத்தருக்குப் பெருசாப் போவும், இன்னொருத்தருக்குத் தூளு போவும், கண்ணுல ஒத்திக்கினு வாயில போட்டுக்குவாங்க, அவ்ளோதான். எங்க லீடரம்மா அப்படி இல்ல. லட்டைத் தாம்பாளத்துல வெச்சி, வெள்ளை நூலு ஒண்ணை ரெண்டு கையிலயும் இழுத்துப் புடிச்சி அறுப்பா. அதுக்கு முன்னாடி முந்திரி, திராட்சை, கல்கண்டு எல்லாத்தையும் நோண்டி எடுத்துத் தனியா வெச்சிடுவா. முந்திரி ஆளுக்கு ஒண்ணு வரலன்னா நகத்தால ரெண்டாப் பொளப்பா. பால் குடிக்கிற கொழந்தைக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கை அம்மாக்காரி துன்னக் கூடாது, கொழந்த ஒதட்டுலதான் தேய்க்கணும். எனக்கு சுகர் இருக்குது, வேணாம்க்கான்னு கோவிந்தம்மா ஒரு வாட்டி கையை மடக்கிக்கினா. "துன்னாட்டி நாய்க்குப் போடு. உன் பங்கு உன் கையிலதான் வெப்பேன்"னு மடக்கின கையைப் பிரிச்சி வெச்சிட்டுப் போனா.

எங்க ஊரு நகரிக்கும் புத்தூருக்கும் நடுவுல, ஆத்துக்கு அந்தாண்ட. வூட்ல தமிழு, ஆபீசுல தெலுங்கு. அவ எங்க மகளிர் சங்கத்துக்கு லீடரு. அவளுக்கும் ஒரு பேரு இருந்துச்சி, ஆனா யாரும் கூப்புட்டது இல்ல. அவ வூட்டுக்காரரே "லீடரம்மா, சோறு போடு"ன்னுதான் கேப்பாரு. நான் இப்ப அவ, இவன்னு பேசறேன்னு மரியாதை தெரியாத பொம்பளன்னு நெனச்சிக்காதீங்க. நேர்ல கடைசி வரைக்கும் அக்கான்னுதான் கூப்புட்டேன். இப்ப நான் திருப்பதியில ஒரு லாட்ஜில ரூம் கூட்டிக்கினு இருக்கேன். இங்க இருந்து பேசும்போதாவது என் வாய்க்குப் புடிச்ச மாதிரி பேசிக்கறேனே.

அவளுக்கு முன்னாடி இருந்த லீடரு, சங்கத்து லோனை முழுங்கிட்டு மெட்ராஸ் பக்கம் ஓடிப்போயிட்டா. சங்கமே உடையற மாதிரி ஆயிடுச்சி. இவதான் மண்டல ஆபீஸ் வாசல்ல வெயில்ல நின்னு, தெலுங்குல சண்டை போட்டு, மறுபடியும் லோன் வாங்கிக் குடுத்தா. மாட்டு லோனு எடுத்தவங்க நாங்க நாலு பேரு: நானு, ராணி, கோவிந்தம்மா, அப்புறம் அவ. சந்தையில நாலு ஜெர்சி மாடு வாங்கினோம். எந்த மாடு யாருக்குன்னு அவ சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டா. நல்லாக் கறக்கற மாடு எனக்கு விழுந்துச்சி. அவளுக்கு விழுந்தது ஒரு காம்பு செத்த மாடு. மொகம் கொஞ்சம் கூட மாறல. கயித்தப் புடிச்சிக்கினு மாட்டைக் கூட்டிக்கினு நடந்தா. அப்பேர்ப்பட்டவளை இன்னான்னு குறை சொல்றது? சொன்னா நம்மளத்தான் ஊரு காறித் துப்பும்.

அதுதான் அவகிட்ட பயங்கரம். உங்களுக்கு ஒண்ணு இல்லன்னு சொல்லுவா, அதே நேரத்துல அவளுக்கும் இல்லன்னு சொல்லிக்குவா. நீங்க வாயைத் தொறக்க முடியாது.

கோடையில தண்ணி டேங்கர் வந்தா குடம் எண்ணி விடறது அவதான். ராணி புள்ள பெத்து அப்பதான் வந்திருந்தா. பச்ச ஒடம்புக்காரி, துணி அலசணும், ஒரு குடம் சேத்துக் குடும்மான்னு ராணி மாமியா கெஞ்சுனா. "வூடு ஒண்ணுதானே?" லீடரம்மா அவ்ளோதான் கேட்டா. மறு வருசம் அவ மருமவளே கைக்கொழந்தையோட வந்து நின்னா. அவளுக்கும் அதே குடம்தான். கொழந்தைக்கு வேர்க்குரு வந்து, சீழு புடிச்சி, மருமவ அழுதுகினே அம்மா வூட்டுக்குப் போயிட்டா. ராணி மாமியா அதைப் பாத்துட்டு, லீடரம்மா மாதிரி ஒருத்தி இந்த மண்டலத்துல உண்டான்னு குழாயடியில பெருமையாப் பேசிக்கினு இருந்தா. தன் மருமவ ரத்தத் துணியைக் கழுவத் தண்ணி இல்லாம சுருட்டி வெச்சது அவளுக்கு மறந்தே போச்சி.

ரெண்டு பசங்க அவளுக்கு. சின்ன வயசுல ஒருத்தன் தப்பு பண்ணா ரெண்டு பேருக்கும் அடி விழும். நான் இன்னாமா பண்ணேன்னு பெரியவன் கேட்டானாம். "அவன் மட்டும் அடி வாங்கினா, அம்மா நம்மள வேற மாதிரி பாக்கறான்னு நெனப்பான்டா"ன்னாளாம். பெரியவன் திருப்பதியில ஆட்டோ ஓட்டறான், சின்னவன் சூளூர்பேட்டையில மீன் வண்டி வெச்சிகீறான். ஒரு வாட்டி பெரியவன் ஆட்டோ கவுந்து, காலு ஒடஞ்சி, ஆஸ்பத்திரியில கெடந்தான். இவ போயி கூடவே இருந்து, மலம் மூத்திரம் எல்லாம் அள்ளிப் போட்டா. அங்க எத்தினி நாள் இருந்தாளோ அத்தினி நாள் சின்னவன் வூட்லயும் போயி இருக்கணும்னு, பெரியவன் காலுக்குக் கட்டுப் பிரிக்கறதுக்கு மொத நாள் மூட்டை கட்டிக்கினு சூளூர்பேட்டைக்கு ரயில் ஏறிட்டா. "சின்னவன் கல்லு மாதிரி இருக்கானேக்கா, அவன் வூட்ல இப்ப உனக்கு இன்னா வேலை?"ன்னு கேட்டேன். "அவனும் என் வயித்துலதானே இருந்தான்"னா. பெரியவன் அதுக்கப்புறம் அவளை வூட்டுக்குக் கூப்புடல. கொஞ்ச நாள்ல சின்னவனும் கூப்புடறத நிறுத்திட்டான்.

அவ நைனா பாகம் பிரிச்சப்ப ஆம்பளப் புள்ளைங்களுக்கு நெலத்தையும் இவளுக்கு ஒரு பித்தளை அண்டாவையும் குடுத்தாருன்னு ஊர்ல சொல்லுவாங்க. அந்தக் காயம்தான் இப்படி ஆக்கிடுச்சின்னு. இருக்கும். எங்க பக்கத்துல எந்தப் பொம்பளைக்கு நெலம் குடுத்தாங்க? எனக்கு அண்டா கூட வரல. நான் யாரையும் வதைக்கல.

இப்ப என் மாட்டைப் பத்திச் சொல்லணும். என் வூட்டுக்காரரு நகரியில பவர்லூம் ஓட்டிக்கினு இருந்தவரு. பஞ்சுத் தூசி நெஞ்சுல ஏறி, இருமி இருமிப் படுத்துக்கினாரு. பொண்ணு திருப்பதியில நர்சிங் படிச்சிக்கினு இருந்தா. அவ பீசு, இவரு மாத்திரை, எங்க சோறு எல்லாமே அந்த ஒரு மாட்டு மடியில இருந்துதான் வந்துச்சி. மாடு போச்சின்னா மொதல்ல நிக்கப் போறது பொண்ணு படிப்பு. அது எனக்கும் தெரியும், என் பொண்ணுக்கும் தெரியும், லீடரம்மாவுக்கும் நல்லாத் தெரியும். அந்த வருசம் மாடு செனையாவும் இருந்துச்சி.

ஐப்பசியில புடிச்ச மழை விடவே இல்ல. கொட்டாயி ஒழுகி மாடு ராவும் பகலும் நனைஞ்சிக்கினு நின்னுச்சி. ஒரு நாள் காலையில தடவிக் குடுத்தா முதுகுல மயிரு கத்தை கத்தையா வெறைச்சிகினு நிக்குது, கழுவாம வெச்ச பெயிண்ட் பிரஷ் மாதிரி. ஒரு கத்தையப் புடிச்சி லேசா இழுத்தேன். பொருக்கோட கையில வந்துச்சி. கீழ செக்கச் செவேல்னு புண்ணு, மஞ்சளா சீழு. காதுல, முதுகுல, தொடையில, கடைசியா மடியிலயும் வந்துச்சி. பால் கறக்க உக்காந்தா காலால எத்தி விடும். அது எத்தாம இன்னா பண்ணும், பாவம், நம்ம புண்ணுல யாராவது கையை வெச்சி அழுத்தினா சும்மா இருப்போமா?

அதுக்கு மின்ன ஒரு வருசம் லம்பின்னு தோல்ல கட்டி கட்டியா வர்ற நோவு வந்து எங்க பக்கம் மாடுங்க கொத்துக் கொத்தா செத்ததால, இதுவும் அதான்னு ஊரே மெரண்டு போச்சி. கோவிந்தம்மா வந்து வேப்பிலை கட்டி மஞ்சத் தண்ணி தெளிச்சி, ஆத்தா வந்துகீறா, ஊசி கீசி போட்டுடாதன்னு சொல்லிட்டுப் போனா. நான் கேக்கல. உரிஞ்ச பொருக்கை பிளாஸ்டிக் கவர்ல போட்டுக்கினு திருப்பதி மாட்டாஸ்பத்திரிக்கு பஸ் ஏறிட்டேன். வைத்தியச் செலவு சங்கத்துப் பொதுப் பணம்தான், அது எங்க ரூலு.

அங்க இருந்த டாக்டரு தெலுங்குக்காரப் புள்ள, தமிழு நல்லாப் பேசுவாரு. பொருக்கைக் கரைச்சி, கண்ணாடித் துண்டுல தேச்சி, மிஷின்ல கண்ணை வெச்சிப் பாத்தாரு. "இது லம்பி இல்லம்மா. அது வைரசு, ஊசியில சாகாது. இது பாக்டீரியா. மழையில ஊறுன தோல்ல புகுந்துக்கற கிருமி. ஆன்டிபயாட்டிக் போட்டா அடங்கிடும், பயப்படாதீங்க"ன்னாரு. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சி. மாடு எத்தினி பெருசுன்னு கேட்டு, அதுக்கு ஏத்த மாதிரி கணக்குப் போட்டு மருந்து பாட்டிலு குடுத்தாரு. "முழுசாப் போடணும். ஆறிடுச்சேன்னு பாதியில நிறுத்தாதீங்க. கம்மியாப் போட்டா கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிடும், அப்புறம் இதே மருந்தைக் கொட்டினாலும் கேக்காது. ஊசி போடற வரைக்கும் பாலை சொசைட்டிக்கு ஊத்தாதீங்க. மாட்டைக் காய வையுங்க." வேற மாட்டுக்கு வந்தா ஒடனே போன் பண்ணச் சொன்னாரு.

திரும்பி வந்தா ஆத்துல தரைப்பாலத்து மேல தண்ணி. பஸ்காரன் அந்தாண்டயே எறக்கி விட்டுட்டான். பையைத் தலையில வெச்சிக்கினு, கயிறு புடிச்சி, இடுப்பளவுத் தண்ணியில வந்தேன். எனக்கப்புறம் யாரும் தாண்டல. பாலம் முழுகிப்போச்சி. ஊருக்குள்ள வந்தா இன்னொரு சேதி. ராணி மாடு, கோவிந்தம்மா மாடு, லீடரம்மா மாடு, மூணுக்கும் முதுகுல கத்தை கட்டிக்கிச்சி.

லீடரம்மா எங்களையெல்லாம் சங்கத்து ரூமுக்குக் கூப்புட்டா. ஊசி போடறவரும் வந்தாரு. அவரு எங்க ஊருதான், கவுருமென்ட் டாக்டரு கூட இருந்து பழகினவரு. நான் டாக்டரு சொன்னது அத்தினியும் ஒண்ணு விடாம சொன்னேன். ஒரு மாட்டுக்குத்தான் மருந்து, பிரிச்சா யாருக்கும் பிரயோஜனம் இல்லன்னு சொன்னேன். பொறுமையாக் கேட்டுக்கினா. அவ எப்பவும் நல்லாத்தான் கேட்டுக்குவா.

"சரி, எந்த மாட்டுக்குப் போடறது?"ன்னா.

"என் மாட்டுக்குன்னுதானேக்கா டாக்டரு குடுத்தாரு."

"யார் பணத்துல வாங்கின?"

"சங்கத்துப் பணம்."

"அப்ப யார் மாடு சாவலாம்னு நீயே சொல்லு. ராணி மாடா, கோவிந்தம்மா மாடா, என் மாடா? பேரு சொல்லு. அவங்க எதிர்லதான் நிக்கறாங்க, பாத்துச் சொல்லு."

ராணி எதிர்ல இடுப்புல புள்ளையோட நின்னுக்கினு இருந்தா. நான் எப்படிச் சொல்லுவேன்? டாக்டருக்கு போன் போட்டு லீடரம்மா கையில குடுத்தேன். ஸ்பீக்கர்ல அவரு கத்தினது எல்லாருக்கும் கேட்டுச்சி. ஒரு மாட்டையாவது காப்பாத்துங்கம்மா, தண்ணி வடிஞ்சதும் மத்ததுக்கு நான் மருந்து அனுப்பறேன், நாலுக்கும் பிரிச்சீங்கன்னா நாலும் போயிடும்னாரு. அவ கோபமே படல. "சார், மீரு டாக்டரு, நேனு லீடரு. அந்தரிகீ சமானம்"னு சொல்லிட்டு போனை வெச்சிட்டா. அவரு டாக்டராம், இவ லீடராம், எல்லாருக்கும் சமமாம். என் கையில இருந்து பாட்டிலை வாங்கி ஊசி போடறவருகிட்ட குடுத்து, ஒரு சொட்டு கூடக் குறையக் கூடாதுன்னு பக்கத்துலயே நின்னுக்கினா. லட்டு பிரிக்கற மாதிரி, அவ்ளோ அக்கறை.

இன்னா கொடுமைன்னா, மொதல்ல கேட்டுச்சி. மழையும் கொஞ்சம் விட்டுச்சி, பாலத்துல தண்ணி மட்டும் வடியல. நாலு மாட்டுக்கும் பொருக்கு உதுந்து, கீழ ரோஸ் கலர்ல புதுத் தோலு தெரிஞ்சுது. ஊரே லீடரம்மாவைக் கொண்டாடிச்சி. டாக்டருக்கு இன்னா தெரியும், ஏசி ரூம்ல உக்காந்துகினு ஒண்ணைக் காப்பாத்து மூணை விட்டுடுன்னு சொல்லுவான், நம்ம லீடரம்மா நாலையும் காப்பாத்திட்டான்னு கோவிந்தம்மா தெருத் தெருவாச் சொன்னா. நானும் சந்தோசப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். பொண்ணுக்கு போன் பண்ணி, மாடு பொழச்சிக்கிச்சின்னு சொன்னேன்.

புயலு ஒண்ணு வந்து மறுபடியும் ஊத்த ஆரம்பிச்சதும் உள்ள இருந்த கிருமி எழுந்துக்கிச்சி. இந்த வாட்டி பொருக்கு தனித்தனியா வரல. முதுகு முழுக்க ஒரே தகடா வந்துச்சி. அதுக்குள்ள ஈ முட்டை போட்டு புழு நெளிஞ்சுது. மழை விட்ட நேரத்துல கொட்டாயை விட்டு வெளிய கட்டினா காக்கா வந்து உக்காந்து புண்ணைக் கொத்திச்சி. வெரட்ட வெரட்ட வந்துச்சி. ராணி மாடுதான் மொதல்ல விழுந்துச்சி. அப்புறம் லீடரம்மா மாடு. அவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. ராணி மாட்டுக்குச் செஞ்ச மாதிரியே குழி தோண்டி, அதே ஆழத்துல பொதைச்சிட்டு, அன்னிக்கே சங்கத்து வேலையைப் பாக்கப் போயிட்டா. கோவிந்தம்மா மாடு பாலத்துல தண்ணி வடியறப்ப செத்துச்சி. ஆத்தா கோச்சிக்கினான்னு கோவிந்தம்மா சொன்னா. அவளுக்கு அப்படி நெனைக்கறது வசதியா இருந்துச்சி.

மிச்சம் என் மாடு ஒண்ணுதான். நல்ல தீனி துன்ன மாடு, அதனால தாங்கிச்சி. டாக்டருக்கு வீடியோ கால் போட்டு, முதுகை, மடியை, கண்ணை எல்லாம் காட்டினேன். போனை இன்னும் கிட்ட கொண்டு போவச் சொன்னாரு. அப்புறம் சொன்னாரு: "பழைய மருந்து இனிமே கேக்காதும்மா. வேற மருந்து பஸ்ல குடுத்து அனுப்பறேன். இன்னிக்கே முழு டோஸ் உள்ள போகணும். ரொம்ப எறங்கிப்போச்சி. நாளைக்குன்னா என்னால சொல்ல முடியாது."

ஊசி போடறவரு புத்தூருக்குப் போயி பஸ்லருந்து மருந்தை வாங்கிக்கினு வந்தாரு. நேரா என் வூட்டுக்குத்தானே வரணும்? வரல. சங்கத்து மாட்டுக்கு வர்ற மருந்து லீடரம்மா கையிலதான் போவணும்னு பழக்கம். அவகிட்ட போயிட்டாரு. நான் சேதி கேட்டு ஓடறதுக்குள்ள சங்கத்து ரூம்ல எவர்சில்வர் தட்டு மேல நாலு சிரிஞ்சி வரிசையா இருந்துச்சி. நாலுலயும் ஒரே அளவு மருந்து. பாட்டிலு காலி.

"இன்னாக்கா இது?"

"பங்கு."

"மூணு மாடு செத்துப்போச்சேக்கா."

"மாடு செத்தா மாட்டுக்காரி செத்துட்டாளா? மருந்து சங்கத்துப் பேர்ல வந்துகீது. மாட்டு லோனுல நாலு பேரு இருக்கோம். மூணு பேரு பங்கை வாரி உனக்குக் குடுக்க நான் யாரு?"

"அப்ப அவங்களே குடுக்கட்டும்."

"குடுக்கட்டும். நான் இன்னா கையைப் புடிச்சிக்கினா இருக்கேன்?"

சொல்லிக்கினே ராணி கையில ஒண்ணு, கோவிந்தம்மா கையில ஒண்ணு, என் கையில ஒண்ணு குடுத்துட்டு, தன்னுதை எடுத்துக்கினா. நான் ஊசி போடறவரைப் பாத்தேன். அவரு தலையைக் குனிஞ்சிக்கினாரு. நான் ராணி காலைப் புடிச்சேன். ஆமா, வயசுல சின்னவ காலைத்தான் புடிச்சேன். என் பொண்ணு படிப்புடி, உனக்கும் பொண்ணு பொறந்துகீதுன்னு கெஞ்சுனேன். ராணி கை கொஞ்சம் நீண்டுச்சி. சத்தியமா நீண்டுச்சி.

அப்ப லீடரம்மா யாரையும் பாக்காம, பொதுவா ஒரு வார்த்தை சொன்னா. "என் மாடு இந்த மருந்துக்குத்தான் கண்ணு மூடாம காத்துக்கினு இருந்துச்சி. வாயில்லாத ஜீவன், அது வந்து கேக்காது. அதுக்குச் சேர வேண்டியதை அதுக்கே குடுத்துட்டு வரேன்." எழுந்து போனா. எல்லாரும் அவ பின்னாடியே போனோம். ஏரிக்கரை ஓரத்துல மாடுங்களைப் பொதைச்ச எடம். மேல போட்ட மண்ணு இன்னும் ஈரமா இருந்துச்சி. அவ குந்திக்கினு, சிரிஞ்சியை மண்ணுல குத்தி, மெதுவா அழுத்தினா. கடைசிச் சொட்டு வரைக்கும் அழுத்தினா. கோவிந்தம்மா வாயில முந்தானையை வெச்சிக்கினு அவ மாட்டுக் குழியில அதே மாதிரி செஞ்சா. ராணி என்னைத் திரும்பிப் பாத்தா. "மன்னிச்சிக்கோக்கா, என் மாடும் மாடுதானே"ன்னு சொல்லிட்டுப் போயி குந்திக்கினா.

அவளுங்களுக்குப் பொறாமை, வேற ஒண்ணுமில்ல. நாலு வூட்ல மூணு கொட்டாயி காலி, ஒண்ணுல மட்டும் மாடு நின்னா வயிறு எரியும், யாருக்குத்தான் எரியாது. தனியா இருந்தா ராணி வெக்கப்பட்டுக்கினு குடுத்திருப்பா. அந்த வயித்தெரிச்சலுக்கு லீடரம்மா நல்ல பேரு ஒண்ணு வெச்சிக் குடுத்துட்டா. நல்ல பேரு கெடைச்சதும் வெக்கம் போயிடுச்சி. ஆனா லீடரம்மாவுக்குப் பொறாமை இல்ல, அது எனக்கு நிச்சயமாத் தெரியும். பொறாமைக்காரியா இருந்திருந்தா காலைப் புடிச்சோ, காசைக் காட்டியோ மசிய வெச்சிருப்பேன். இவளை எதைக் காட்டி மசிய வைக்கறது?

என் சிரிஞ்சியில இருந்தது மட்டும் என் மாட்டுக்குப் போச்சி. ஊசி போட்டுட்டு அவரு சொன்னாரு, "எனக்கும் தெரியும்மா இது பத்தாதுன்னு. நாளைக்கு நான் லீடரம்மா மூஞ்சியில முழிக்கணுமே." மாடு நின்ன எடத்துலயே காலை மடக்கிப் படுத்துக்கிச்சி. விடிஞ்சதும் மொதல் பஸ்ஸைப் புடிச்சேன். டாக்டருகிட்ட நடந்ததைச் சொன்னா அவரு நம்பல. செத்த மாட்டுக்காம்மா, செத்த மாட்டுக்கான்னு திரும்பத் திரும்பக் கேட்டாரு. அப்புறம் எழுந்து போயி அவரே மருந்து எடுத்துக்கினு வந்து, என் பைக்குள்ள வெச்சி, இதை யார் கையிலயும் குடுக்காதீங்கன்னாரு. பஸ்ஸுல வர்ற வழி பூரா அந்தப் பையை வயித்தோட அணைச்சிக்கினு வந்தேன்.

பஸ்ஸை விட்டு எறங்கும்போதே தெரிஞ்சி போச்சி. தெருவுல இருந்தவங்க என்னைப் பாத்ததும் உள்ள போனாங்க. மாடு கொட்டாயிக்கு வெளிய கெடந்துச்சி, கயித்தை யாரோ அவுத்து விட்டிருந்தாங்க. என் வூட்டுக்காரரு வாசப்படியில உக்காந்து இருமிக்கினு இருந்தாரு. மாட்டுப் பக்கத்துலயே குழி ரெடியா இருந்துச்சி. லீடரம்மா அதுக்குள்ள நின்னுக்கினு இருந்தா. தலைமயிரு அவுந்து, பொடவை முழுக்கச் சேறு, கடப்பாரை புடிச்சி உள்ளங்கை கிழிஞ்சி ரத்தம். ஒத்தையாத் தோண்டியிருக்கா. ஆம்பளைங்களைக் கூடக் கூப்புடல.

"வயித்துல கன்னு இருக்குதேன்னு கொஞ்சம் பெருசாவே தோண்டினேன்"னா.

மேல ஏறி வந்து என்னைக் கட்டிக்கினு அழுதா. அவ மாடு செத்தப்ப வராத கண்ணீரு, ரெண்டு பசங்களும் வுட்டுட்டுப் போனப்ப வராத கண்ணீரு, அத்தினியும் என் தோள்ல கொட்டிச்சி. நெசமான அழுகை. பொய்யா அழுதிருந்தா செருப்பைக் கழட்டியிருப்பேன், எனக்கும் மனசு ஆறியிருக்கும். நெசமா அழறவளை இன்னா பண்றது? என் பொண்ணு இப்ப திருப்பதியில ஒரு துணிக்கடையில நின்னுக்கினு பொடவை பிரிச்சிக் காட்டறா. அதுக்கும் அவ அழுதா. யாரு அழச் சொன்னாங்க?

அழுது முடிச்சி, மூக்கைச் சிந்தி, முந்தானையில தொடைச்சிக்கினா. என் காதுகிட்ட வந்து, ரகசியம் மாதிரி சொன்னா: "உன் வாசல்ல மாடு நிக்கறதப் பாத்துட்டு ராணி புள்ளையை வெச்சிக்கினு ராவெல்லாம் முழிச்சிக்கினு இருந்தா. பாவம், இன்னிக்காவது அவ கொஞ்சம் தூங்குவா."

அப்புறம் மம்முட்டியை எடுத்துக்கினு மாட்டுப் பக்கம் போனா. ரெண்டு பேருமா காலைப் புடிச்சி இழுத்துக் குழியில தள்ளினோம். நானும் மண்ணு தள்ளினேன். வேற இன்னா பண்றது, அதுக்குள்ளயே ஈ மொய்க்க ஆரம்பிச்சிடுச்சி.